ஊரை மறந்த வீடுகள்

'வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைப் பண்ணிப் பார்' என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். 'ஊரைக் கட்டிப் பார்' என்று எவரும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அவர்கள் வீடு கட்டப் புறப்பட்டபோது ஊர் ஏற்கெனவே இருந்தது. குளம் இருந்தது, குளத்துக்கு நீர் வந்து சேரும் வழி இருந்தது, வண்டிப்பாதையும் களமும் மேய்ச்சல் நிலமும் இருந்தன, இறந்தோரை அடக்கம் செய்ய இடம் இருந்தது. இவற்றுக்கு நடுவே, தனக்கென அமைந்த இடத்தில் ஒருவன் சுவர் எழுப்பினான். இன்றோ வீடு முதலில் எழுகிறது. ஊர் பிறகு எப்படியோ தானாக உண்டாகிவிடும் என்று விட்டுவிடுகிறோம். அது தானாக உண்டாவதில்லை என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

பங்குக் குருவாக இருப்பவனுக்குப் புதுமனை மந்திரிக்கும் அழைப்புகள் ஓயாமல் வரும். சில ஆண்டுகளுக்கு முன் ஐப்பசி மாதத்தில் அப்படி ஒரு வீட்டிற்குச் சென்றேன். கொத்தனார் ஒருவர் இருபது ஆண்டு உழைப்பையும், மனைவியின் நகையையும், வங்கிக் கடனையும் போட்டுக் கட்டிய வீடு. பேருந்துச் சாலையிலிருந்து உள்ளே செல்லும் மண்பாதை சேறாகிக் கிடந்தது. புனித நீர் தெளிக்கப் போனவர்கள் முழங்கால் அளவுத் தண்ணீரைக் கடந்துதான் வாசற்படியை மிதித்தோம். மந்திரிப்பு முடிந்தபின், அண்டை ஊரிலிருந்து வந்திருந்த ஒரு மூதாட்டி என் காதருகே, "சாமி, இது குளத்துக்கு வரத்துக்கால் போன வழி. எங்க அப்பா இதுலதான் தண்ணி திருப்புவாக" என்றார். அருகில் நின்ற வீட்டுக்காரரின் முகம் வாடிவிட்டது. "எனக்கு யாருமே சொல்லலையே, சாமி" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அவரிடம் யாரும் சொல்லவில்லை. நிலத்தை விற்றவர் சொல்லவில்லை. மனை பிரித்தவர் சொல்லவில்லை. பத்திரம் பதிந்தவர் சொல்லவில்லை. கடன் கொடுத்தவர் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் இருந்த நாமும் சொல்லவில்லை. அந்த மூதாட்டிக்குத் தெரிந்த செய்தி, அந்த மனிதரின் வாழ்நாள் சேமிப்பு மண்ணுக்குள் போவதற்கு முன் அவரை வந்தடைய ஒரு வழியும் நம்மிடம் இல்லை. கிராமத்தில் குடியிருப்புகள் பெருகும் விதத்தில் உள்ள கோளாறு முழுவதும் இதற்குள் அடங்கியிருக்கிறது.

கிராமத்தில் புதிய வீடுகளே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 3 கோடியே 72 இலட்சம் பேர் கிராமங்களில் வாழ்ந்தார்கள். குடிசையில் ஒழுகும் மழையில் பிள்ளைகளைப் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்கும் தாய்க்கு, 'ஊரின் அழகு கெடும், வீடு கட்டாதே' என்று உபதேசம் செய்கிறவன் மனிதனே அல்ல. வீடுகள் வேண்டும், இன்னும் அதிகமாக வேண்டும். ஆனால் வீடு வழங்குவது வேறு, ஊரை வளர்ப்பது வேறு. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதைச் செய்துவிட்டதாக எண்ணிக்கொள்வதுதான் நம் காலத்தின் பெரும் மயக்கம்.

முன்னோர் வகுத்த ஊர்

பழைய ஊர் எப்படி அமைந்தது என்பதை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். குடியிருப்புக்கென ஒதுக்கிய மேட்டு நிலத்திற்கு நத்தம் என்று பெயர். அதைச் சுற்றி நஞ்சையும் புஞ்சையும். எவருக்கும் சொந்தமாகாமல் எல்லாருக்கும் உரியதாக இருந்தது புறம்போக்கு. இன்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டைப் புரட்டினால், நத்தம், குளம், வாய்க்கால், ஓடை, பாதை, களம், மேய்ச்சல், சுடுகாடு என்று ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே அதன் தன்மை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். அது வெறும் வரிக்கணக்கு அன்று. ஓர் ஊர் உயிர்வாழ எதெது தேவை என்பதன் பட்டியல்.

இப்பட்டியலுக்கு ஆயிரம் ஆண்டு வயது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு இராசராசன் அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரி இல்லாத நிலங்கள் இவை என்று ஊர் ஊராகப் பிரித்துச் சொல்லப்பட்டிருக்கிறது. ஊர் நத்தம், குளங்கள், ஊருக்குள் ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சுடுகாடு ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. வாய்க்காலையும் சுடுகாட்டையும் விளைநிலத்திலிருந்து கழித்துவிட்டே அளந்தார்கள். இன்றைய மனைப் பிரிவுகளின் வண்ணப் படங்கள் பலவற்றில் இந்த இரண்டுமே இருப்பதில்லை.

ஆனால் அதே கல்வெட்டுகளில் நாம் வெட்கப்பட வேண்டிய செய்தியும் உண்டு. ஊர் நத்தம் தனியாகவும், பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனித்தனியாகவும் குறிக்கப்பட்டிருக்கின்றன. நீருக்கு வழிவிட்ட அதே கை, மனிதரைப் பிரித்தும் வைத்தது. ஆகவே, 'பழைய ஊர் பொற்கால ஊர், அதற்கே திரும்புவோம்' என்று நான் சொல்லமாட்டேன். பழைய ஊரிடம் கற்க வேண்டியது ஒன்று, களைய வேண்டியது ஒன்று. நாமோ கற்க வேண்டியதைக் களைந்துவிட்டோம். களைய வேண்டியதைக் காப்பாற்றி வருகிறோம். இது கடுமையான குற்றச்சாட்டு என்பதை அறிவேன். காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

வயல் மனையான கதை

முதல் குற்றவாளி மனை வணிகம். அது நடக்கும் முறை எல்லாருக்கும் தெரிந்ததே. பேருந்துச் சாலையை ஒட்டிய வயல் ஒன்று இரண்டு போகம் தரிசாகக் கிடக்கும். சாகுபடியில் நட்டப்பட்டவர் அதை விற்பார். ஒருநாள் பொக்லைன் இயந்திரம் வந்து வரப்புகளை வழிக்கும். செம்மண் அடித்து மேடாக்குவார்கள். வெள்ளையடித்த கற்கள் முளைக்கும். தலைவர் ஒருவரின் பெயரோ தெய்வத்தின் பெயரோ சூட்டி, அதன் முடிவில் 'நகர்' என்று சேர்ப்பார்கள். நம்மவர் வாங்கவேண்டும் என்றால் புனிதர் ஒருவரின் பெயரையும் சூட்டத் தயங்கமாட்டார்கள். நகரும் அன்று, ஊரும் அன்று. நெல் விளையாத வயல், அவ்வளவே.

இவ்வாறு பிரித்த மனைகளில் பெரும்பகுதி நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாதவை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 முதல் இருக்கிறது. இருந்தும் ஊராட்சித் தலைவரின் முத்திரை ஒன்று விழுந்தால் போதும் என்ற நிலையே பல்லாண்டு நீடித்தது. 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், ஒப்புதலற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யக்கூடாது என்று தடை விதித்த பிறகே நாடு விழித்தது. அரசு 2017 மே மாதத்தில் விதிகளை வகுத்து, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்தது.

வாங்கியவர்கள் ஏழை எளியவர்கள். அவர்களைத் தண்டிக்கக்கூடாது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் ஒன்றைக் கேட்டே ஆகவேண்டும். கட்டணம் செலுத்தினால் பத்திரம் சரியாகும். வாய்க்கால் திரும்பி வருமா? பாதை அகலமாகுமா? பிள்ளைகள் ஓடியாட ஒரு திடல் முளைக்குமா? ஒப்புதல் பெற்ற பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. வரன்முறைப்படுத்திய பிரிவுகளில் அந்த இடம் பெரும்பாலும் ஏற்கெனவே மனையாக விற்றுத் தீர்ந்திருந்தது. காகிதத்தில் மட்டும் பிழை திருத்தப்பட்டது.

2023ஆம் ஆண்டு திசம்பர் 17, 18 நாள்களை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய மழைக்கு எந்த ஊரும் ஈடுகொடுக்க முடியாது என்பது உண்மையே. ஆனால் வடியும்போது தண்ணீர் தன் பழைய வழியைத் தேடிப் போகிறது. அந்த வழியில் யாருடைய வீடு இருக்கிறது என்று அது கேட்பதில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரி, குளம், கண்மாய்கள் உண்டு. 2007ஆம் ஆண்டு அவற்றின் ஆக்கிரமிப்புகளை அகற்ற ஒரு சட்டம் இயற்றப்பட்டது. குளத்தின் எல்லைக்குள் நுழைந்தவரை அச்சட்டம் வெளியேற்றும். ஆனால் குளத்திற்கு நீர் வரும் நிலம் முழுவதும் பட்டா நிலமாக இருந்து, அது மனையாக மாறினால் யார் என்ன செய்வது? குளம் காப்பாற்றப்படும், குளத்துக்குத் தண்ணீர்தான் வராது.

எண்ணிக்கையில் முடியும் அரசு

இரண்டாம் குற்றவாளி, வீடுகளை மட்டும் எண்ணும் அரசின் பழக்கம். கட்சி வேறுபாடின்றிச் சொல்கிறேன். 1985இல் தொடங்கிய இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் கல்வீட்டைத் தந்தது. 2011இல் மாநில அரசு 300 சதுர அடியில் பசுமை வீடுகள் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016இல் மத்திய அரசு, 25 சதுர மீட்டருக்குக் குறையாத வீடு என்ற அளவுடன் பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் மாநில அரசு, 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை இலட்சம் ரூபாய் வழங்கும் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தை அறிவித்தது. நாற்பது ஆண்டுகளில் வீட்டின் அளவு வளர்ந்திருக்கிறது, தொகை வளர்ந்திருக்கிறது. இவை நல்லவை. இவற்றைக் கொண்டுவந்த எல்லாரையும் வாழ்த்துவோம்.

ஆனால் இத்திட்டங்கள் அனைத்தும் கேட்கும் கேள்வி ஒன்றே: 'உனக்கு வீடு இருக்கிறதா?' 'உன் ஊர் எப்படி வளரப்போகிறது?' என்ற கேள்வியை ஒன்றும் கேட்பதில்லை. தளம் போட்டதற்கு நிழற்படம் உண்டு, கூரை போட்டதற்கு நிழற்படம் உண்டு. அந்த வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், கழிவுநீர் எங்கே போய்ச் சேரும், பக்கத்து வீட்டுக்குத் தீப்பிடித்தால் வண்டி உள்ளே வருமா என்பதற்கு நிழற்படம் கிடையாது.

இன்னொன்று. வீடு கிடைக்க வேண்டுமானால் பட்டா வேண்டும். பட்டா உள்ள ஏழைக்கு வீடு வரும். பட்டா இல்லாத பரம ஏழைக்கு முதலில் இலவச மனைப்பட்டா கிடைத்தாக வேண்டும். அதற்கு அரசு நிலம் தேடும்போது கிடைப்பது எது? விலைக்குப் போகாத இடம். ஊருக்கு அப்பால், சுடுகாட்டுக்கு அருகில், பள்ளத்தில், பேருந்து நிற்காத இடத்தில். இப்படித்தான் நம் ஊர்களின் விளிம்பில் 'காலனி'கள் உண்டாயின. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் எடுப்பதற்காக 1978இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. அதன் நோக்கம் நன்று. ஆனால் அரசே பணம் செலவிட்டு, அரசே அளந்து, அரசே வீடு கட்டி, பழைய சேரியைக் காங்கிரீட்டில் வார்த்துக் கொடுத்ததுபோல் முடிந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முன் கல்வெட்டில் இருந்த பிரிவு, அரசுப் பொறியாளரின் வரைபடத்தில் மீண்டும் எழுந்தது.

2025 ஏப்ரல் மாதத்தில், அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்னும் சொல் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. வரவேற்கத்தக்க அறிவிப்பு. சொல் இழிவைச் சுமக்கும்போது சொல்லை நீக்குவது நியாயமே. ஆனால் சொல்லை நீக்கிய பின்னும், இரண்டு குடியிருப்புகளுக்கும் நடுவே உள்ள அரைக் கிலோமீட்டர் தூரம் அப்படியேதான் இருக்கிறது. அந்தத் தூரத்தைத் தானாக உண்டானது என்று சொல்ல முடியாது. அளந்து, எல்லைக் கல் நட்டு உண்டாக்கியது அது.

இதற்கு விதிவிலக்காக ஒரு முயற்சி நடந்ததை நன்றியோடு குறிப்பிட வேண்டும். 1997இல் திட்டமிடப்பட்டு, 1998 ஆகஸ்டு 17 அன்று மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறக்கப்பட்டது பெரியார் நினைவு சமத்துவபுரம். நூறு வீடுகளில் ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, ஏனையோருக்கு 10 என்று கலந்து ஒதுக்கினார்கள். யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதை ஓர் அரசு துணிந்து வரைந்தது. இருநூற்றுக்கு மேற்பட்ட இடங்களில் இவை எழுந்தன. அதன் குறை எதுவென்றால், சமத்துவத்திற்கென்று ஊருக்கு வெளியே ஒரு தனி இடம் கட்டினோம்; ஊர் தன் பழைய தெருக்களோடு அப்படியே இருந்தது. சமத்துவம் ஊருக்கு அருகில் ஒரு 'புர'மாக நிற்பதோடு நிற்காமல், ஊருக்குள்ளேயே தெருவாக நுழைந்திருக்க வேண்டும்.

நம் பங்கு

மூன்றாம் குற்றவாளியைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகும். அது நாம்தான்.

2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைச் சிதைத்தபின், அரசும் தொண்டு நிறுவனங்களும் திருச்சபை அமைப்புகளும் போட்டியிட்டு வீடு கட்டின. அந்த உழைப்பைக் குறைத்து மதிப்பவன் அல்லேன். ஆனால் நாகையிலும் குமரியிலும் அக்குடியிருப்புகள் சிலவற்றை இன்று சென்று பார்ப்போருக்கு உண்மை விளங்கும். மரங்களை வழித்துத் தரைமட்டமாக்கிய நிலத்தில், ஒரே அச்சில் வார்த்த பெட்டிகளாக வீடுகள் வரிசையில் நிற்கின்றன. வலை உலர்த்த இடமில்லை; மீன் காயவைக்க இடமில்லை; பொழுது சாய்ந்தபின் பெண்கள் கூடியிருந்து பேச நிழல்கூட இல்லை. கொடையாளர்களுக்கு எத்தனை வீடு என்ற எண்ணிக்கையை அனுப்ப வேண்டியிருந்தது. அந்த அவசரத்தில் நாமும் மக்களை உட்காரவைத்து, 'உங்கள் ஊர் எப்படி இருக்க வேண்டும்?' என்று கேட்கத் தவறிய இடங்கள் உண்டு. அரசைக் குறைசொல்லும் வாய் நமக்கு இருக்கிறது. அதே தவறைச் செய்த கையும் நம்முடையதே.

சாதியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் கத்தோலிக்கக் கிராமங்களிலும் கோயில் தெரு வேறு, சேரித் தெரு வேறு. இறந்தோரின் கல்லறைத் தோட்டத்தில்கூடக் கோடு கிழித்த ஊர்கள் உண்டு. திருச்சபைக்குள்ளும் தீண்டாமை நிலவுவதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016ஆம் ஆண்டு திசம்பரில் வெளியிட்ட தலித் மக்கள் மேம்பாட்டுக் கொள்கையில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டபோது, 'அது அவர்கள் ஊர்' என்று நாம் செய்தித்தாளை மடித்து வைத்தோம். நம் ஊரின் சுவர் செங்கல்லால் ஆனதாக இல்லாததால் நம் கண்ணுக்குப் படவில்லை.

அத்தோடு, நம்மில் வெளிநாட்டில் பொருளீட்டியோர் ஊரில் கட்டும் மாளிகைகளையும் எண்ணிப் பார்ப்போம். ஆண்டில் பதினைந்து நாள், கோயில் திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் வீடுகள் எத்தனை? பழைய நத்தத்தில் தாத்தா வீடு ஐந்து வாரிசுகளுக்கிடையே பாகம் பிரியாமல் இடிந்து கிடக்கிறது. அதைச் சீர்செய்யாமல் வயலில் புதுவீடு எழுகிறது. ஊரின் நடு வெறுமையாகிறது, ஓரம் வீங்குகிறது. நடுவில் பாம்பு குடியேற, ஓரத்தில் மனிதர் தண்ணீர்க் குழாய்க்காகக் காத்திருக்கிறார்கள்.

மறுப்புகளும் மறுமொழியும்

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது: 'என் நிலம், நான் விற்கிறேன், ஊருக்கு என்ன?' என்பது. தனியுடைமை உரிமையைத் திருச்சபை மறுத்ததில்லை. 13ஆம் சிங்கராயர் 1891ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் அதை உறுதியாகக் காத்தார். ஆனால் மண்ணுலகின் பொருள்கள் யாவும் எல்லாருக்கும் பயன்படவே படைக்கப்பட்டன என்ற போதனையிலிருந்து அந்த உரிமையை அவர் பிரிக்கவில்லை. வீட்டோடு வீட்டையும் வயலோடு வயலையும் சேர்த்துக்கொண்டே போகிறவர்களை எசாயா இறைவாக்கினர் சபித்ததை நாம் அறிவோம். என் வயலில் ஓடும் வாய்க்கால் என் வயலில் தொடங்கவுமில்லை, என் வயலில் முடியவுமில்லை. அதை அடைக்கும் உரிமை எந்தப் பத்திரத்திலும் எழுதித் தரப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு: 'திட்டமிடல் என்றால் அதிகாரிகளின் கெடுபிடி, கையூட்டு, தாமதம். ஏழை வீடே கட்ட முடியாமற் போகும்' என்பது. இதில் உண்மை இருக்கிறது. ஒப்புதலுக்காக அலுவலகப் படி ஏறி ஏறிச் செருப்புத் தேய்ந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதனால்தான் நான் மேலிருந்து வரும் திட்டத்தைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மனிதனும் தன் மனைக்குத் தனியே ஒப்புதல் தேடி அலைவதைவிட, ஊர் ஒருமுறை கூடி, 'இங்கே கட்டலாம், இங்கே கூடாது' என்று வரைந்து வைத்துவிட்டால், கட்டலாம் என்ற இடத்தில் ஏழை எவரையும் கெஞ்ச வேண்டியதில்லை. தெளிவான விதி எளியவனுக்குத் துணை. தெளிவில்லாத இடத்தில்தான் இடைத்தரகன் பிழைக்கிறான்.

மூன்றாவது: 'இடத்தைக் கட்டுப்படுத்தினால் மனை விலை ஏறும்' என்பது. தனியார் கையில் மட்டும் விட்டால் ஏறத்தான் செய்யும். எனவே ஊர் வளரும் திசையில் உள்ள நிலத்தின் ஒரு பகுதியை, விலை ஏறுவதற்கு முன்பே ஊராட்சிக்காக வாங்கி வைக்கவேண்டும். நிலமற்றோருக்கு முதல் மனைகள் அங்கே, ஊரின் நடுவோடு தொட்டிருக்கும் இடத்தில் தரப்படவேண்டும். இன்று நடப்பது இதற்கு நேர் எதிர்: மனை வணிகர் நல்ல நிலத்தை வாங்கி முடித்தபின், மிஞ்சியதில் ஏழைக்கு இடம் தேடுகிறோம்.

என்ன செய்யலாம்?

இதற்குப் புதிய சட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளுக்கு ஒப்படைக்கலாம் என்று அது பட்டியலிட்ட 29 பொருள்களில் ஊரக வீட்டுவசதியும் ஒன்று. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிய கிராம சபையை 2022 முதல் ஆறு முறை கூட்ட ஏற்பாடாயிற்று. சனவரி 26, மார்ச்சு 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாள்கள்.

அண்டை மாநிலமான கேரளம் 1996இல் மக்கள் திட்ட இயக்கத்தின் வழியாக, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. நெல்வயல், ஈரநிலங்களைக் காக்க 2008இல் சட்டம் இயற்றி, ஊராட்சித் தலைவர் தலைமையில் உள்ளூர்க் குழுவையும் அமைத்தது. 2018இல் அச்சட்டம் தளர்த்தப்பட்டது என்பதையும் மறைக்கவில்லை. விழிப்பாக இராத மக்களிடமிருந்து நல்ல சட்டமும் நழுவிவிடும் என்பதற்கு அதுவே சான்று.

நம் நிலைமை என்ன? 2016 அக்டோபரில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. 2019 திசம்பர் வரை தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர்கள் ஆண்டார்கள். ஒப்புதலற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும், புதிய ஊரக வீட்டுத் திட்டம் வேரூன்றியதும் சரியாக அந்த மூன்று ஆண்டுகளில்தான். ஊரின் வடிவம் தீர்மானமான வேளையில், ஊர் தேர்ந்தெடுத்த ஒரு வாய்கூடப் பேசுவதற்கு இல்லை. 2025 சனவரியில் 28 மாவட்டங்களில் பதவிக்காலம் முடிந்தபோதும் மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஒவ்வோர் ஊராட்சியும் தன் வரைபடத்தைச் சுவரில் எழுதட்டும். கிராமப் படமும் 'அ' பதிவேடும் கையில் இருந்தால், ஊரின் முதியோர் நால்வரும் படித்த இளைஞர் நால்வரும் ஒரு வாரத்தில் செய்துமுடிக்கலாம். முதலில் நீரின் வழிகளை வரையுங்கள்: வரத்துக்கால், மதகு, மறுகால், ஓடை. அவற்றின்மேல் எந்த வீடும் இல்லை என்று தீர்மானியுங்கள். அடுத்து, பழைய நத்தத்தில் இடிந்து கிடக்கும் மனைகளைக் குறியுங்கள். வாரிசுகளை அழைத்துப் பேசி, புதிய வீடுகள் முதலில் அங்கே எழ வழி பாருங்கள். பிறகு, ஊர் எத்திசையில் வளரலாம் என்று கோடிடுங்கள். பள்ளிக்கும் பேருந்து நிறுத்தத்திற்கும் ஒரு பிள்ளை நடந்து போகக்கூடிய தூரத்திற்குள் அது அடங்கட்டும். அந்த வளர்ச்சி, ஊருக்கும் 'காலனி'க்கும் நடுவே உள்ள வெற்றிடத்தை நோக்கியே செல்லட்டும். இரண்டையும் ஒரே தெருவாக இணைக்கும் வீடுகளே ஊருக்கு முதல் தேவை. கடைசியாக, திடலுக்கும் கல்லறைக்கும் மேய்ச்சலுக்கும் இடம் ஒதுக்குங்கள். இதைத் தீர்மானமாக எழுதிக் கிராம சபையில் நிறைவேற்றுங்கள். அதிகாரிகள் அதைத் தள்ளிவிடலாம். ஆனால் எழுதி நிறைவேற்றிய தீர்மானத்தைத் தள்ளுவது, இல்லாத தீர்மானத்தைப் புறக்கணிப்பதைவிடக் கடினம்.

இதற்கு அன்பியக் கூட்டங்களே போதும் என்று சொல்லமாட்டேன். குளத்துக்குச் சமயம் இல்லை, வெள்ளத்துக்கும் இல்லை. கிராம சபையில் எல்லாரோடும் போய் உட்கார வேண்டும். ஞாயிறு திருப்பலிக்குத் தவறாமல் வரும் நம் ஆண்கள், கிராம சபை நாளன்று எங்கே இருக்கிறார்கள் என்பதை அவரவர் நெஞ்சே சொல்லட்டும். பெண்கள் அங்கே வந்தாலும், பேச விடுகிறோமா என்பதையும் சேர்த்துக் கேட்போம். நீரின் வழியை அறிந்திருந்தவர் ஒரு மூதாட்டி என்பதை மறக்க வேண்டாம்.

அந்தக் கொத்தனாரின் வீட்டைப் பிறகும் ஒருமுறை பார்த்தேன். வாசலுக்கு முன் மூன்றடி உயரத்திற்கு மண் கொட்டி மேடாக்கியிருந்தார். அதனால் அவருக்கு விடிவு. தண்ணீர் இப்போது பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அங்கே அடுத்த மழைக்குள் ஒருவர் இன்னும் உயரமாக மண் கொட்டுவார். ஊர் இல்லாத இடத்தில் மனிதர் ஒருவருக்கொருவர் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் புதுமனை மந்திரிக்க என்னை அழைப்போரிடம், அடித்தளம் தோண்டும் முன்பே வந்து சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த ஊரின் முதியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்று நிலத்தைச் சுற்றி நடக்கிறோம். இருமுறை இடம் மாறியிருக்கிறது. ஒருவர் என்மேல் வருத்தப்பட்டு வேறு குருவை அழைத்துக்கொண்டார். அவர் வீட்டிலும் ஆண்டவரின் சமாதானம் தங்கட்டும். அடுத்த கிராம சபை நாள் எதுவென்று பார்த்து வையுங்கள், அங்கே சந்திப்போம்.